66 அடி ஆடுகளம், 60 அடி கொல்லை

என் மனைவியின் தம்பி தாம்பரத்துக்குத் தெற்கே இரண்டு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடியேறி மூன்று வருடமாகிறது. மனையின் அகலம் 60 அடி, ஆழம் 80 அடி. வீடும் முன்வாசலும் போகப் பின்னால் 60க்கு 28 அடி மிச்சம். அங்கே ஒரு மாமரம், ஒரு துவைகல், போர் மோட்டார், செப்டிக் டேங்கின் மூடி. மழை பெய்தால் கணுக்காலளவு சேறு. போன தை மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். தரையைச் சமன்செய்வது, கான்கிரீட், மேலே செயற்கைப் புல், சுற்றிலும் கம்பம் நட்டு வலை, நான்கு விளக்கு என்று ஆகமொத்தம் மூன்றரை லட்சம். கூடவே கம்ப்யூட்டரில் வரைந்த படம். படத்தில் மாமரமும் இல்லை, செப்டிக் டேங்கும் இல்லை. பச்சை மட்டும் இருந்தது.

“பாத்துட்டுச் சொல்லுங்க மாமா, அட்வான்ஸ் குடுத்துடலாமா?”

பிள்ளைகள் இரண்டு பேர். பெண்ணுக்கு 13, பையனுக்கு 10. இரண்டு பேருமே செல்போனை விட்டு எழுந்தால் போதும் என்று பெற்றோர் ஏங்குகிற வயது. அதனால் “வேண்டாம்” என்று ஒரே வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. “போட்டுவிடு” என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் அளவு. கிரிக்கெட் ஆடுகளம் ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புவரை 22 கெஜம், அதாவது 66 அடி. கொல்லையின் நீளமோ 60. ஆழவாக்கில் போட்டால் 80 அடி கிடைக்கும், ஆனால் வீட்டை இடிக்க வேண்டும். ஒரு கிரவுண்டுக்காரர்கள் நிலைமை இன்னும் வேடிக்கை. 40க்கு 60 மனையில் வீட்டையே இடித்துவிட்டு மூலைக்கு மூலை கயிறு கட்டினால்தான் 66 அடி வரும். சென்னையில் மனையை அளக்கிற சொல்லுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ‘கிரவுண்டு’ என்ற ஒரே பெயர் இருப்பதால், ஒன்றை வாங்கினால் இன்னொன்றும் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறோம் போலிருக்கிறது.

மற்ற ஆட்டங்களையும் பார்த்தேன். ஃபுட்சால் எனப்படும் ஐவர் கால்பந்துக்குக் குறைந்தபட்ச நீளமே 25 மீட்டர், அதாவது 82 அடி. டென்னிஸ் கோர்ட் கோடுகளுக்குள் மட்டும் 78க்கு 36. இப்போது பெருநகரங்களில் பேசப்படும் பேடலுக்கு 20 மீட்டருக்கு 10 மீட்டர் வேண்டும். எதுவும் உள்ளே வராது. வருவது பேட்மிண்டன் கோர்ட்டும் அதே அளவுள்ள பிக்கிள்பால் கோர்ட்டும்தான். 44க்கு 20. பக்கத்துக்கு நாலு அடி, முன்னும் பின்னும் எட்டு அடி இடம்கூட மிஞ்சும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிக்கிள்பாலின் துளை போட்ட பிளாஸ்டிக் பந்து தரையில் பட்டு எழும்ப வேண்டும். செயற்கைப் புல்லின் 40 மில்லிமீட்டர் நாருக்குள் விழுந்தால் அது அங்கேயே படுத்துக்கொள்ளும். பேட்மிண்டனில் இறகுப்பந்து தரையில் பட வேண்டியதே இல்லை. ஆனால் ஆடுபவரின் கால் சட்டென்று திரும்ப வேண்டும், சறுக்கி நிற்க வேண்டும். நாருக்குள் ஷூவின் அடிப்பகுதி மாட்டிக்கொண்டு உடல் திரும்பினால் முழங்கால் என்ன ஆகும் என்பதை எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்குத் திறந்தவெளிக் காற்று வேறு. ஆக, இடத்துக்குப் பொருந்துகிற ஆட்டத்துக்கு இந்தத் தரை பொருந்தாது. தரைக்குப் பொருந்துகிற ஆட்டத்துக்கு இந்த இடம் போதாது. ‘மல்டி ஸ்போர்ட்ஸ்’ என்று கொட்டேஷனில் போட்டிருந்த தலைப்பு, எந்த ஆட்டத்துக்கும் முழுசாக ஆகாத ஒன்றுக்கு வைத்த நல்ல பெயர்.

நாரின் உயரம் சின்ன விஷயம் போலத் தோன்றும். எல்லாமே அதில்தான் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகளத்துக்குப் போடும் செயற்கைப் புல் கட்டையாக, ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில்தான் பந்து ஒழுங்காக எழும்பும். கால்பந்துக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக நெய்து, நடுவில் மணலோ ரப்பர் துகளோ கொட்டுகிறார்கள். விழுந்தால் அடிபடாமல் இருக்க அது வேண்டும். தோட்ட அலங்காரத்துக்கு விற்கும் ரகம் தனி. பார்க்கப் பஞ்சுபோல் இருக்கும், ஓடினால் ஒரு வருடத்தில் படுத்துவிடும். மூன்றையும் ஒரே சுருளில் தருகிறோம் என்பவர் மூன்றில் இரண்டை மறைக்கிறார்.

மைத்துனன் என்னை மடக்கினான். “மாமா, தெருவுல ஆடுனப்ப 22 கெஜம் அளந்தா ஆடுனோம்?” நியாயமான கேள்வி. ரவிச்சந்திரன் அஸ்வின் ஆட்டம் பழகியது மேற்கு மாம்பலத்துத் தெருவில், டென்னிஸ் பந்தில். அந்தத் தெருவுக்கு யாரும் அளவுச் சான்று தரவில்லை. பிள்ளைகளின் ஆட்டம் இடத்துக்குத் தகுந்தபடி விதியை மாற்றிக்கொள்ளும். சுவரில் நேராகப் பட்டால் அவுட், மாடியில் விழுந்தால் அவுட், பக்கத்து வீட்டுப் பாட்டி பந்தைத் தர மறுத்தால் ஆட்டம் முடிவு. அளவை வைத்து மட்டும் இந்தக் கொல்லையை நிராகரிக்க முடியாது என்று ஒத்துக்கொண்டேன். இது கோர்ட் ஆகாது, விளையாடும் இடமாக ஆகலாம். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாட முடியும்?

அந்தக் கணக்கில் முதல் எதிரி வெயில்.

செயற்கைப் புல் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். 1964இல் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் மான்சாண்டோ கம்பெனியின் ‘கெம்கிராஸ்’ விரிக்கப்பட்டது. ஆனால் உலகத்துக்கு அது அறிமுகமானது ஹியூஸ்டனில். 1965இல் அங்கே ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. உள்ளே உண்மையான புல். அது வளரக் கூரையில் ஒளி ஊடுருவும் தகடுகள். அந்த ஒளியில் கண் கூசி, உயரே எழும்பும் பந்தை ஆட்டக்காரர்களால் பிடிக்க முடியவில்லை. தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். புல் செத்தது. அடுத்த வருடம் கெம்கிராஸை விரித்து ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்று பெயர் மாற்றினார்கள். சூரியன் எட்டாத இடத்தில் புல்லுக்கு மாற்றாகப் பேர் வாங்கிய பொருள் இது. அதைத்தான் நாம் கத்திரி வெயிலில், நிழலே இல்லாத இடம் பார்த்து விரிக்கிறோம்.

சூடு எவ்வளவு என்பதற்கு அளவீடுகள் உண்டு. 2002இல் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், தங்கள் விளையாட்டுத் திடலின் செயற்கைப் புல்லை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸாக இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. பக்கத்திலிருந்த தார்த் தரையைவிடவும் செயற்கைப் புல்தான் சூடு. தண்ணீர் பீய்ச்சினார்கள். 79 டிகிரி 29ஆக இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49க்கு ஏறியது. இருபது நிமிடத்தில் 73. உண்மையான புல்லுக்குள் ஈரம் இருக்கிறது, அது ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு வியர்க்காது. ஒரே ஒரு திடலில் எடுத்த அளவுதான், நம்மூர் ஈரக்காற்றில் எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் 37 டிகிரி நம்மூரில் மே மாதத்துச் செய்தியே ஆகாது. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

வெயில் மட்டுமல்ல, ஆடுகிறவர்களின் எதிர்ப்பும் உண்டு. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தை முழுக்கச் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். அதற்கு முந்தைய வருடமே உலகின் முன்னணி வீராங்கனைகள், ஆண்களுக்குப் புல், எங்களுக்குப் பிளாஸ்டிக்கா என்று ஒன்டாரியோவின் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். பிறகு வழக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் 2026ஆம் வருட ஆண்கள் உலகக் கோப்பை என்று வந்ததும் அமெரிக்காவில் செயற்கைத் தரை போட்டிருந்த அரங்குகளில்கூடப் புல் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். கால்களைப் பற்றிய கணக்கும் உண்டு. ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ லீகின் 2012 முதல் 2016 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்ததில், செயற்கைத் தரையில் இடுப்புக்குக் கீழான காயங்கள் புல்லைவிட 16 சதவீதம் கூடுதலாக இருந்தன. நூறு கிலோ மனிதர்கள் மோதிக்கொள்ளும் ஆட்டத்தின் எண்ணைப் பத்து வயதுப் பையன்மேல் அப்படியே ஏற்றுவது நேர்மையாகாது. முட்டிக்காலில் தோல் உராய்ந்து எரிவது மட்டும் யாருக்கும் உறுதி.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். ஹாக்கியில் செயற்கைத் தரையைத் தவிர்க்க நினைத்தவர்கள் தோற்றுப்போனார்கள். 1975இல் கோலாலம்பூரில் புல்லில் ஆடி உலகக் கோப்பை வென்ற இந்தியா, மறு வருடம் ஒலிம்பிக்ஸ் முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறிய மாண்ட்ரியாலில் ஏழாவது இடத்துக்குப் போனது. போட்டி எந்தத் தரையில் நடக்கிறதோ அந்தத் தரையில் பழக வேண்டும். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் செயற்கைத் தரை இருப்பது அதனால்தான், அது ஊருக்குத் தேவை. ஆனால் 28 அடிக் கொல்லையில் யாரும் ஒலிம்பிக்ஸுக்குத் தயாராவதில்லை.

வெயில் போக மிஞ்சும் நேரத்தை எண்ணினோம். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேன். திரும்பி வர ஐந்து. சென்னையில் சூரியன் கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும், ஆனி ஆடியிலும் ஆறே முக்காலைத் தாண்டாது. நடுவில் டியூஷன். பகல் வெளிச்சத்தில் ஆட வாரநாளில் கிடைப்பது சராசரியாக ஒரு மணி நேரம், அதுவும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை வெளியே விடுகிற நேரம். அதற்கு மேல் வேண்டுமானால் விளக்கு. நான்கு ஃப்ளட் லைட்டும் யார் ஜன்னலைப் பார்க்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியின் படுக்கையறையை. இந்த ஒரு விஷயத்துக்குக் கொட்டேஷனில் வரி இல்லை.

அடுத்தது தண்ணீர். விற்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் இதுதான்: புல்தரை தண்ணீர் குடிக்கும், டர்ஃப் என்கிற செயற்கைப் புல் குடிக்காது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊருக்கு இந்த வாதம் உறைக்கும், உண்மையும்கூட. கொரியன் புல் வளர்த்துத் தினமும் குழாய் பிடிக்கும் வீட்டோடு ஒப்பிட்டால் டர்ஃப்தான் மேல். ஆனால் ஒப்பிட வேண்டியது அதோடு அல்ல. மைத்துனன் கொல்லையில் இன்றைக்கு இருப்பது புல்வெளி அல்ல, மண். மண் தண்ணீர் கேட்பதில்லை, தண்ணீர் தருகிறது.

60க்கு 28 என்றால் 1,680 சதுர அடி, 156 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வது ஐப்பசி கார்த்திகையில் நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட ஒரு நாளில் அந்தக் கொல்லையில் மட்டும் விழுவது 15,600 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு 12,000. கொட்டேஷனில் இருந்தபடி கான்கிரீட் போட்டால், இவ்வளவும் செயற்கைப் புல்லின் அடித்துளைகள் வழியாக இறங்கி, கான்கிரீட்டில் மோதி, மேஸ்திரி விட்ட வாட்டத்தைப் பொறுத்துத் தெருவுக்கோ அடுத்த வீட்டு அஸ்திவாரத்துக்கோ போகும். மழைநீர் சேகரிப்பை 2003இல் வீடுதோறும் கட்டாயமாக்கிய மாநிலத்தில், போர் மோட்டாருக்குப் பத்தடி தூரத்தில் தரையை மூடப் பணம் கொடுக்கிறோம். கான்கிரீட் தேவையில்லை, ஜல்லியும் கிராவலும் கெட்டித்துப் போட்டால் தண்ணீர் இறங்கும் என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டிக் கெட்டிக்காவிட்டால், முதல் மழையிலேயே அங்கங்கே உள்வாங்கும். மேலே விரித்த பச்சை அதை மறைக்கும், காலோ சொல்லிவிடும்.

வெள்ளத்தைப் பற்றியும் இரண்டு வரி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் புறநகர் வீடுகளுக்குள் வந்தது மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும்தான். மண் தரையில் அது காய்ந்தால் வெட்டிப் போடலாம். நாருக்கு நடுவில், மணலோடு மணலாகப் படிந்தால் என்ன செய்வது?

ரப்பர் துகளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். பழைய டயர்களை அரைத்துச் செய்யும் கறுப்பு மணிகள் அவை. வெயிலை இழுத்துக்கொள்ளும், ஷூவோடு வீட்டுக்குள் வரும், மழையோடு வாய்க்காலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் விளையாட்டுத் தரைகளுக்கான இந்த நிரப்புப் பொருளுக்கு எட்டு வருடத் தவணை கொடுத்து, 2031க்குப் பிறகு விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. அங்கே விற்க முடியாதது பிறகு எங்கே வரும் என்று ஊகிப்பது கஷ்டமல்ல.

இனிப் பணம். பேசாமல் இருந்த என் மனைவிதான் இந்த இடத்தில் பேப்பரையும் பேனாவையும் எடுத்தாள். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் டர்ஃப் திடல் மணிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் தலைக்கு நூறு. இந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், வாரம் இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 400, வருடத்துக்கு 20,800. மூன்றரை லட்சத்தை இதனால் வகுத்தால் கிட்டத்தட்டப் பதினேழு வருடம். நல்ல செயற்கைப் புல்லுக்கே எட்டு முதல் பத்து வருடம்தான் ஆயுள் சொல்கிறார்கள். பையன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதில்தான் போட்ட பணம் திரும்பும், புல் அதற்கு வெகுமுன்பே குப்பைமேட்டுக்குப் போயிருக்கும்.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் திரும்பும், அதை மறைக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகளும் தினமும் ஒரு மணி நேரம், வருடம் முழுவதும் உண்மையிலேயே ஆடுவார்கள் என்றால் வாடகைக் கணக்கு வருடத்துக்கு 73,000. ஐந்து வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். ஆகவே பணத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு ஒரே ஒரு சொல்லில் தொங்குகிறது: தினமும். வாங்கிய டிரெட்மில்லில் துண்டு காயப்போட்டிருக்கும் வீட்டில் அந்தச் சொல்லை யார் உறுதியாகச் சொல்வது? மைத்துனன் சிரித்தான்.

செலவு அதோடு நிற்பதுமில்லை. மாவிலையும் காக்கை எச்சமும் விழும், வாரா வாரம் பிரஷ் போட்டு நாரை நிமிர்த்த வேண்டும். செப்டிக் டேங்க் லாரி வரும் நாளில் மூடிக்கு மேல் ஒட்டிய பச்சையைக் கிழிக்க வேண்டும். தீபாவளிக்குக் கொல்லையில் மத்தாப்பு கொளுத்த முடியாது. இந்த நார் 120 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகுகிற பிளாஸ்டிக், எரிந்து முடிந்த ஒரு கம்பியைப் போட்டால் கோடு கோடாகத் தழும்பு விழும். கேரண்டிக் காகிதத்தைப் படித்தேன். நார் வெளுக்காது என்பதற்கு உத்தரவாதம் இருந்தது. சுருளும் சுருளும் சேரும் இடத்தில் பசை விட்டால் யார் பொறுப்பு, அடித்தளம் உள்வாங்கினால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரியும் இல்லை. கெடுவது எப்போதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

இவ்வளவு நேரமும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் பேசினாள். “தம்பிய டர்ஃப்புக்கு அனுப்புவாங்க மாமா. என்ன அனுப்ப மாட்டாங்க.”

என் கணக்கில் நான் விட்டது இது. வாடகை டர்ஃப்களில் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகு. இரவு எட்டரைக்குப் பையன் சைக்கிளில் போய் வருவான். 13 வயதுப் பெண்ணை எந்த வீடு அனுப்புகிறது? வருடத்துக்கு 20,800 என்ற கணக்கில் பாதி, அவளைப் பொறுத்தவரை நடக்காத செலவு, அதாவது ஆடாத ஆட்டம். வீட்டோடு ஓர் ஆடுமிடம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை. நான் திரட்டிய டிகிரிகளும் லிட்டர்களும் இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் இலேசாகிவிட்டன.

ஆனால் அவளுக்கு வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்தேன். பந்து வெளியே போகாமல் இருக்க வலை வேண்டும். இருட்டினால் விளக்கு வேண்டும். கூட ஆட வரும் தோழிகள் வேண்டும். காலை வாராத சமதரை வேண்டும். இந்த நான்கில் எதுவும் பச்சைப் பிளாஸ்டிக் அல்ல. மூன்றரை லட்சத்தில் பெரும்பகுதி போவதோ அதற்கும் அதன் அடியில் கிடக்கும் கான்கிரீட்டுக்கும்.

கொல்லையில் ஆடி உலகப் புகழ் பெற்ற இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் டான் பிராட்மன். ஆஸ்திரேலியாவின் பௌரல் ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய செங்கல் சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது தாறுமாறாகத் திரும்பி வருகையில் ஸ்டம்பால் அடித்துப் பழகியவர். செலவு ஏதுமில்லை, கோச்சும் இல்லை. இன்னொருவர் ஆந்த்ரே அகாசி. அவருடைய அப்பா கொல்லை போதுமா என்று அளந்து பார்த்தே லாஸ் வேகாஸில் வீடு வாங்கி, டென்னிஸ் கோர்ட்டைத் தானே போட்டு, பந்து எறியும் இயந்திரத்தையும் நிறுத்தினார். நாளைக்கு 2,500 பந்து அடிக்க வேண்டும். மகன் எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றார். தன் வாழ்க்கைக் கதையில் டென்னிஸை வெறுத்ததாகவும் எழுதினார். இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் மூன்றரை லட்சம் போட்ட அப்பா, பிள்ளை ஒரு வாரம் மட்டையைத் தொடாவிட்டால் என்ன பேசுவார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் டிரெட்மில்லைப் பற்றி என் மனைவி பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் சேற்றுக்கு என்ன வழி? நம் காலடியிலேயே ஒன்று கிடக்கிறது. வெப்ப நாடுகளின் விளையாட்டுத் திடல்களுக்கு உலகம் முழுவதும் தேர்ந்தெடுக்கும் புல் பெர்முடா புல். அது வேறொன்றுமில்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். பெரிய திடல்களில் இருப்பவை பெரும்பாலும் அதன் ஒட்டுரகங்கள். மிதித்தால் மடிந்து எழும், கோடையில் காய்ந்து பழுப்பாகும், ஒரு மழையில் திரும்பி வரும். குறையும் உண்டு. நிழலில் வராது. இரண்டு பிள்ளைகள் தினமும் ஒரே இடத்தில் நின்று மட்டை பிடித்தால் அந்த இடம் வழுக்கையாகும். ஆகட்டும், கிரிக்கெட் ஆடுகளமே புல்லை ஒட்ட வெட்டிய வழுக்கைதானே.

அந்த நிழல்தான் என் முடிவைத் திருப்பியது. மாமரம் மேற்குச் சுவரோரம் நிற்கிறது. பின்சுவரை ஒட்டிய பத்தடி அகலத்துக்கு அதன் நிழலும் சுவரின் நிழலும் மாறி மாறி விழுகின்றன. அருகம்புல் வராத இடம், வெயில் தங்காத இடம். ஆஸ்ட்ரோடோமின் கதையேதான். செயற்கைப் புல்லுக்கு நியாயம் இருக்கிற ஒரே துண்டு அது.

ஆகவே நான் எழுதிக் கொடுத்தது இது. முழுக் கொல்லைக்கும் டர்ஃப் வேண்டாம். பின்சுவரோரம் 10 அடி அகலம், 56 அடி நீளம், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, கட்டை நார் கிரிக்கெட் ரகம் போடலாம். சிறுவர் கிரிக்கெட்டில் ஆடுகளத்தைக் குறைத்தே போடுகிறார்கள். 16 கெஜம், 48 அடி, உள்ளே தாராளமாக வரும். அடியில் கான்கிரீட் இல்லாமல் கெட்டித்த ஜல்லியும் கிராவலும். நிரப்ப மணல் மட்டும். மீதி இடத்தில் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, செப்டிக் மூடிப் பக்கம் விட்டு, அருகம்புல் நட்டுவிடலாம். சேறு கட்டுகிற தாழ்வுக்கு ஒரு மழைநீர்க் குழி. இறகுப்பந்துக்கு அந்த மண்ணிலேயே இரண்டு கம்பம். முதல் செலவு வலைக்கும் விளக்குக்கும். நாலு விளக்கில் இரண்டு போதும், கீழ்நோக்கி. பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் போய்ப் பேச வேண்டும், வேலை முடிந்த பிறகு அல்ல. ஆறு மாதம் அந்த மண்ணில் பிள்ளைகள் தினமும் ஆடினார்களென்றால், பத்தடித் துண்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஆடவில்லையென்றால் கொத்தமல்லி போடலாம்.

மைத்துனன் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, வலைக்கு மட்டும் ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் கையிலும் இப்படி ஒரு கொட்டேஷன் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். அவர்களிடம் ஓர் அடி சதுரத்துக்குச் சாம்பிள் கேளுங்கள், தருவார்கள். கத்திரி வெயில் நாளில் காலையிலேயே அதைக் கொல்லையில் போட்டு வைத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு போய் அதன்மேல் நின்று பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.